பண்டாரவளையிற் கிளெமற்றிஸ்

கல்லூரியை விட்டுப் பிரிந்து, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு பண்டாரவளைக்குச் சென்ற முதல் ஆண்டில், எம் கண்ணைக் கவர்ந்தது தேயிலையன்று. ஒரு பழைய தோட்டத்துப் பங்களாவின் முகப்புத் தூணிற் படர்ந்து நின்ற ஊதாநிறப் பூங்கொடியே. கையளவு விரிந்த பூக்கள் இலைகள் தெரியாதவாறு அதனை மூடியிருந்தன. பெயரை வினாவியபோது தோட்டக்காரர், “துரை வீட்டுக் கொடிங்க, ஐயா” என்று மட்டும் கூறினார். பின்னர் நூல்களைப் புரட்டி அது கிளெமற்றிஸ் இனத்தைச் சேர்ந்ததென அறிந்தோம். அன்று பிடித்த பித்து இன்னும் விட்டபாடில்லை.

கிளெமற்றிஸ் என்பது கொடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர். உலகில் ஏறத்தாழ 300 இனங்கள் இதனுள் அடங்கும். தாவரவியல் பயிலும் மாணவருக்கு இக்கொடியைப் போல நன்கு பாடஞ் சொல்லும் செடி வேறொன்று அரிது. பூவிலே நாம் இதழென்று வியப்பன உண்மையில் அல்லியிதழ்கள் அல்ல. நிறம் பெற்ற புல்லியிதழ்களே. கொடி பற்றியேறுவதும் தனித் தந்துகளாலன்று. இலைக்காம்பே சுருண்டு பந்தலைப் பிடித்துக்கொள்கிறது. பூ உதிர்ந்தபின் ஒவ்வொரு விதையின் தலையிலும் உள்ள தம்பம் நீண்டு, பட்டுப்போன்ற இறகாகிக் காற்றிற் பறக்கிறது. வெள்ளை மயிர்க்கற்றைபோல் திரண்ட அவ்விறகுகளைக் கண்டே ஆங்கிலேயர் தம் நாட்டுக் காட்டுக் கொடிக்குக் ‘கிழவன் தாடி’ எனப் பெயரிட்டனர். அதே கொடியைப் பிரெஞ்சுக்காரர் ‘பிச்சைக்காரர் பூண்டு’ என்பர். இதன் சாறு தோலைக் கொப்புளிக்கச் செய்யும். முற்காலத்து இரவலர் அதனைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வழிப்போக்கரின் இரக்கத்தைப் பெற்றனராம். ஆதலால் இளைஞர் இதனை வெட்டும்போது கையுறை அணிதல் நன்று.

யாம் பங்களாவிற் கண்டது காட்டிற் பிறந்ததன்று. இங்கிலாந்தில் வோக்கிங் என்னுமிடத்து ஜக்மன் குடும்பத்தார் நடத்திய நாற்றுமேடையில் 1858ஆம் ஆண்டிற் செய்த கலப்பினாற் பிறந்த ‘ஜக்மனி’ என்னும் வகையோ, அதன் வழிவந்த ஒன்றோ ஆகும். ஐரோப்பாவின் தென்பகுதிக்குரிய விற்றிசெல்லா என்னும் இனமும், ரொபேட் போச்சூன் என்பார் சீனத்திலிருந்து 1850ஆம் ஆண்டளவில் கொண்டுவந்த லனூஜினோசா என்னும் பெரும்பூ இனமும் அக்கலப்பிற் பங்குபெற்றன. இமயமலைச் சாரலில் ஆறாயிரம் அடிக்கு மேல் வளரும் மொந்தானா என்னும் வெண்பூக்கொடி, அதற்கு முன்னரே, 1831இல், அமேர்ஸ்ற் பெருமாட்டியால் இங்கிலாந்து சேர்ந்திருந்தது. இவ்வாறு கீழ்நாட்டுக் கொடிகள் மேல்நாடு சென்று, பெயர்மாறி, விலையேறி மீண்டும் கீழ்நாட்டுக்கே சாடியில் வந்து சேர்ந்தன.

அத்தகைய சாடிகள் மூன்றை யாமும் ஒரு வணிகரிடம் விலைகொடுத்து வாங்கினோம். வாங்கிய விலையை இங்கு எழுத நாணுகின்றோம். வீட்டின் மேற்குப்புறத்தில், காட்சிக்கு நன்றாயிருக்குமென்று, வெட்டைவெளியான மேட்டில் இரண்டை நட்டோம். மூன்றாவதற்கு இடமின்மையால் அதனைத் தண்ணீர்த் தொட்டியின் அருகே, ஒரு தட்டைக் கல்லின் ஓரத்தில், ஏனோதானோவென்று ஊன்றினோம். ஆடி மாதம் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கப்பால் மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாவிற்கு வறண்ட காற்றாகவே இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் மணத்தைத் தருவது அக்காற்றே. அதுவே மேட்டில் நின்ற எம் கொடிகள் இரண்டையும் பதினைந்து நாளிற் கருக்கிவிட்டது. தொட்டியருகே நின்றதோ, ஐப்பசி மழைக்குப்பின் துளிர்த்து, மறு ஆண்டு பதினொரு பூக்கள் பூத்தது!

அந்தத் தட்டைக் கல்லே எமக்கு ஆசிரியராயிற்று. இக்கொடிக்குத் தலையில் வெயிலும் காலில் நிழலும் வேண்டும். வேர் குளிர்ந்தும் ஈரமாகவும் இருத்தல் அவசியம். எனினும் நீர் தேங்கலாகாது. தேயிலை விளைந்த மண் புளிப்பு மிக்கது; கிளெமற்றிஸ் அதனை விரும்புவதில்லை. எனவே இரண்டடி ஆழக்குழி வெட்டி, மக்கிய எருவும் சிறிது சுண்ணாம்பும் கலந்து நிரப்புதல் வேண்டும். நடும்போது, சாடியில் இருந்த மட்டத்தினும் இரண்டு மூன்று அங்குலம் தாழ்த்தி நடுக. பெரும்பூ வகைகளை ஒருவகைப் பூஞ்சணம் பற்றி, நேற்றுப் பச்சையாய் நின்ற தண்டை இன்று வாடச்செய்யும். மண்ணுள் அரும்புகள் புதைந்திருப்பின் கொடி மீண்டும் எழும், இன்றேல் அவ்வளவே.

கவ்வாத்து என்னும் சொல்லைத் தேயிலை நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஜக்மனி போன்றவை புதுத்தண்டிற் பூப்பதால் அவற்றை நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் துணிந்து வெட்டலாம். மொந்தானா பழந்தண்டிற் பூப்பது. அதனை அவ்வாறு வெட்டினால் அவ்வாண்டுப் பூ இல்லை. மேல்நாட்டு நூல்கள் பனிக்கால இறுதியில் வெட்டுக என்கின்றன. பண்டாரவளையோ ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் உள்ளது. இங்கு கொடியை உறங்கவைக்கும் பனிக்காலம் இல்லை. யாம் புரட்டாதியில், மழைக்கு முன், வெட்டி வருகின்றோம், அதுவே பொருந்துகிறது. கிளை நடுவோர் மற்றச் செடிகளுக்குப்போலக் கணுவின் கீழ் வெட்டாது, இரு கணுக்களுக்கு இடையே வெட்டி, மணலும் தும்புச்சோறும் கலந்த சட்டியில் ஊன்றுக. பொறுமையுடையார் பதியம் வைக்கலாம்; வேர்விட ஓராண்டு செல்லும்.

இனி, எம் வெட்கத்துக்குரிய ஒரு செய்தி. சாடிக் கொடிகளைப் பேணுவதற்காக வேலியோரத்துக் காட்டுக்கொடிகளை மாணவரைக்கொண்டு களைந்துவந்தோம். ஒருநாள் ஒரு மாணவன் பிடுங்கிய கொடியொன்றைக் காட்டி, “சேர், இதன் விதைக்கும் அதே இறகு இருக்கிறதே” என்றான். வாங்கிப் பார்த்தோம். ஒவ்வோர் இலையிலும் இரண்டு சிற்றிலைகள். மூன்றாவது இருக்கவேண்டிய இடத்திற் சுருண்ட தந்து. சிங்களத்தில் ‘நரவெல்’ எனவும், மலையாள நாட்டில் ‘வாதக்கொடி’ எனவும் வழங்கும் கொடி அது. கிளெமற்றிஸின் உடன்பிறப்பையே யாம் குப்பைமேட்டில் எறிந்துகொண்டிருந்தோம்.

நரவெல்லின் வரலாறு சிறியதன்று. ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராக 1672 முதல் 1677 வரை இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் என்பார் இந்நாட்டுச் செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அச்சேகரத்தை ஆதாரமாகக்கொண்டு லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்களைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார்; 1753இல் நரவெல்லுக்கு ‘அத்திராஜீன் செய்லானிக்கா’ எனப் பெயரிட்டார். பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் அடன்சன் சிங்களப் பெயரையே எடுத்தாள, ‘நரவேலியா’ என்னும் தனிச்சாதியே தாவர நூல்களில் நிலைபெற்றது. நம் கிராமத்தார் வாயிற் பிறந்த சொல் உலக அறிஞரின் சொல்லாயிற்று. அண்மைக்காலத்தில் மரபணுக்களை ஒப்புநோக்கிய ஆய்வாளர், நரவேலியா கிளெமற்றிஸினுள் அடங்குவதே என்று கண்டு, அதனைக் ‘கிளெமற்றிஸ் செய்லானிக்கா’ என்கின்றனர். ஆய்வு சரியே, ஆயினும் நரவெல் என்னும் பெயர் நூலிலிருந்து நீங்குவது எமக்குச் சிறிது வருத்தமே. இலங்கைக்குரியது என்னும் அடைமொழியாவது எஞ்சியிருக்கிறது.

இந்நாட்டுக்குரிய கிளெமற்றிஸ் வேறு இரண்டும் உண்டு. கூரியானா என்பது வங்காளத்துக் கௌர் என்னும் பாழ்பட்ட நகரின் பெயரைத் தாங்கியது. சிறு வெண்பூக்களைக் கொத்துக்கொத்தாகத் தருவது. இசுமிலசிபோலியா அகன்ற தனியிலையும், உட்புறம் கருஞ்சிவந்த ஊதாவும் வெளிப்புறம் கபிலமயிரும் உடைய தடித்த பூவும் கொண்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி திரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூல் இக்குடும்பத்தைக்கொண்டே தொடங்குகிறது. அதனை ஒரு நல்ல சகுனமாகவே யாம் கொள்கின்றோம்.

இவற்றைத் தேடுவோர் பத்தனைப் புல்வெளிகளுக்கு இடையே ஓடும் நீரோடைகளின் காட்டோரத்தைப் பார்க்கவேண்டும். அங்கேதான் அபாயமும் இருக்கிறது. வறண்ட மாதங்களிற் பத்தனைக்குத் தீ வைக்கும் வழக்கம் ஊவாவில் நீண்டநாளையது. புல் மறுமழைக்கே தளிர்த்துவிடும். காட்டின் ஓரமோ ஒவ்வொரு தீயிலும் ஓரிரு முழம் பின்வாங்கும். அவ்வோரத்தையே வீடாகக்கொண்ட கொடி எங்கே போகும்? யாம் முதலிற் கூரியானாவைக் கண்ட ஓடைக்கரை, இரண்டாண்டுக்குப்பின் சென்றபோது கரிந்த கட்டைகளாயிருந்தது. நல்லகாலமாக முந்திய வருகையில் ஒரு கடித உறை நிறைய விதை கொண்டுவந்திருந்தோம்.

அவ்விதைகளை மூன்று தட்டுக்களில் விதைத்தோம். கிளெமற்றிஸ் விதை சோம்பல் மிக்கது. சில மாதங்களும் செல்லும், சில வேளை ஓராண்டுக்கு மேலும் செல்லும். எட்டாம் மாதத்தில் ஒரு தட்டில் நான்கு முளைகள் கண்டோம். மற்ற இரண்டுக்கும் காலைதோறும் மாணவர் முறைவைத்து நீர் தெளித்து வருகின்றனர். மேட்டில் இருந்த குழிகளில் இப்பொழுது நரவெல் நிற்கிறது. சென்ற ஆடிக் காற்றில் ஓரிலையும் அதற்குக் கருகவில்லை.

பழைய மாணவர் பலர் இலங்கையின் பல பாகங்களிற் பணிபுரிகின்றனர். வேலியிலோ ஓடைக்கரையிலோ இறகு முளைத்த விதையைக் காண்போர், கொடியைப் பிடுங்காது, முற்றிய விதைகளுட் சிலவற்றை மட்டும் காகித உறையில் இட்டு, கண்ட இடம், உயரம், திகதி, அவ்வூரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை மேலே எழுதிக் கல்லூரித் தாவரவியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவாராக. பொலித்தீன் உறை வேண்டா; விதை பூஞ்சணம் பிடித்துவிடும்.