பழைய காருக்கு நம்பிக்கையான ஒர்க்‌ஷாப்

கே: என் மாருதி 800-க்கு 18 வயது. கம்பெனி சர்வீஸ் கட்டுப்படியாகவில்லை. வெளி ஒர்க்‌ஷாப்பை எப்படி நம்புவது? – வாசகர், ஆரியசாலை, திருவனந்தபுரம்

ப: பக்கத்திலேயே சாலைக் கம்போளம் சந்தை இருக்கிறதே! அங்கே நிற்கும் டாக்ஸி, லோடு வண்டி ஓட்டுநர்களைக் கேளுங்கள். ஒருநாள் வண்டி நின்றாலும் அவர்களுக்கு வருமானம் போச்சு. மோசமான மெக்கானிக்கிடம் மறுபடி போகமாட்டார்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால், முதலில் ஆயில், ஃபில்டர் மாற்றும் சின்ன வேலையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். நேர்மையானவர் தயங்காமல் தருவார். 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி என்பதால், போலி பார்ட்ஸ் தலையில் கட்டப்படாமலிருக்க அவற்றுக்கும் பில் அவசியம். டைமிங் பெல்ட் அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். 'அதை எப்போது மாற்றினீர்கள்?' என்று அவராகவே கேட்டால், அந்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள்!