சூடேறாத இருக்கை: ஒரு மின்சுற்றுப் பாடம்

மலாக்கா வெயிலில் காரின் இருக்கைக்குச் சூடேற்றும் கருவியா என்று நண்பர்கள் நகைக்கலாம். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய கார்கள் சிலவற்றில் குளிர்காலத்திற்கென அமைந்த இக்கருவியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. என் மாமாவின் காரிலும் அது இருந்தது. ஜாசின் வட்டாரத் தோட்டத்தில் பல்லாண்டுகள் குனிந்து பால்மரம் சீவிய என் பாட்டிக்கு ஓயாத இடுப்புவலி. குளிர்சாதனம் ஓடும் காரில் மலாக்கா நகருக்கு மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, அந்த இளஞ்சூடு அவருக்குப் பெரும் ஆறுதல். ஒருநாள் அது நின்றுபோனது.

நண்பகலில் சோதித்த பட்டறைக்காரர், "உள்கம்பி அறுந்துவிட்டது, திண்டையே மாற்ற வேண்டும்" என்றார். "நம்ம ஊருக்கு இது எதுக்குடா? விட்டுடு" என்றார் மாமா. பாட்டி ஒன்றும் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டார்.

தமிழ்ப்பள்ளியில் 'மின்சுற்று' என்றும், இடைநிலைப்பள்ளியில் 'ரிந்தாங்கான்' என்றும் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. இருக்கைக்குள் இருப்பது மின்தடையுள்ள கம்பி. மின்னோட்டம் பாய்ந்தால் அது சூடேறும். அளவுக்கு மீறினால் வெப்பக்கட்டுப்பாட்டு விசை சுற்றைத் துண்டிக்கும். 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதியின்படி, 12 வோல்ட்டில் 3 ஓம் கம்பி 4 ஆம்பியர் இழுக்கும். அதாவது 48 வாட் வெப்பம்.

முதலில் ஃபியூஸைப் பார்த்தேன். அது நன்றாகவே இருந்தது. அடுத்து, விசையை அணைத்து, இருக்கையின் அடியிலுள்ள இணைப்பைக் கழற்றி மின்தடையை அளந்தேன். நேரம் காலை ஆறு மணி. மீட்டர் ஏறக்குறைய 3 ஓம் காட்டியது. கம்பி அறுந்திருந்தால் இந்த அளவு வந்திருக்காது. பிறகுதான் விளங்கியது: வெயிலில் நின்ற காரில் இருக்கை ஏற்கனவே சூடேறி, வெப்பவிசை தானே திறந்திருக்கிறது. அதைத்தான் நண்பகல் சோதனை 'அறுந்த கம்பி' என்று காட்டியிருக்கிறது.

மூன்றாவதாக, விசையைப் போட்டு, காரிலிருந்து வரும் இணைப்பின் இரு முனைகளுக்கிடையே அளந்தேன், சுழியம். மின்சாரம் வரும் முனைக்கும் காரின் இரும்புச் சட்டத்திற்கும் இடையே அளந்தேன், 12 வோல்ட். ஆக, மின்சாரம் வருகிறது. திரும்பிச் செல்லத்தான் வழியில்லை. தேடியபோது, இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தில் உரசி, தரையிணைப்புக் கம்பி அறுந்திருந்தது. காரின் மின்வேலை தெரிந்த ஒருவர் அதைச் சீராக இணைத்து உறையிட்டார்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள். இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்புகள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றில் மீட்டரை வைக்கவே கூடாது. ஃபியூஸ் எரிந்தால் அதைவிடப் பெரியதைப் போடாதீர்கள். திண்டுக்குள் அறுந்த சூட்டுக்கம்பியை முறுக்கி ஒட்டவும் கூடாது. அந்த முடிச்சிலேயே வெப்பம் குவிந்து இருக்கை கருகலாம்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய முறை. இயந்திரத்திற்கும் அது பொருந்தும். எதை அளந்தோம் என்பதோடு எப்போது அளந்தோம் என்பதையும் கேட்டுப் பழகுவோம். அடுத்த பயணத்தில் பாட்டி அந்தத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.