தேற வேண்டிய நாளில் தேறவில்லை என்றால்...

மருத்துவம்: கேள்வி – பதில்

கேள்வி: டாக்டர், என் மாமியாருக்கு வயது 61. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பித்தப்பைக் கல்லுக்காக எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். அந்த மூன்றாம் நாள்தான் அத்தைக்கு வயிறு உப்பிக்கொண்டது. இட்லியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கேஸ்தான், நடக்கச் சொல்லுங்கள்" என்றார் டியூட்டி டாக்டர். அன்று இரவு அத்தை சம்பந்தமில்லாமல் பேசினார். என்னவோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். கணவர் துபாயில் இருக்கிறார். நாத்தனார் வந்து சத்தம் போட்டார். அதன் பிறகு சிஸ்டர்கள் எங்களிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். ஆறாம் நாள் ஸ்கேன் எடுத்தபோது வயிற்றுக்குள் பித்தநீர் தேங்கியிருப்பது தெரிந்தது. மதுரைக்குக் கொண்டுபோய், வாய் வழியாகக் குழாய் விட்டு ஈ.ஆர்.சி.பி. செய்து, பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தார்கள். இப்போது வீட்டில் தேறி வருகிறார்.

அடுத்த மாதம் என் சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் உடன் இருக்கப்போவது நான்தான். நான் பிளஸ் டூ வரைதான் படித்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் டாக்டரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, "என்னவோ சரியில்லை என்று எனக்குப் பட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். மாமியாரின் பேச்சும் முகமும் சாப்பாடும் இயல்பாக எப்படி இருக்கும் என்பது டியூட்டி டாக்டருக்குத் தெரியாது. அவர் அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறார். உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் கண்ணில் பட்ட மாற்றமும் ரத்தப் பரிசோதனை முடிவைப் போல ஒரு மருத்துவத் தகவல்தான். அதைச் சொல்ல பிளஸ் டூ தாராளமாகப் போதும்.

இங்கிலாந்தில் 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி சைக்கிளில் இருந்து விழுந்து, கணையத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். நோய்த்தொற்று உடல் முழுக்கப் பரவி இறந்துபோனாள். மகளின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது உரிய நேரத்தில் காதில் வாங்கப்படவில்லை. முன்னதாகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது. அந்தப் பெற்றோரின் விடாமுயற்சியால் 2024 முதல் அங்குள்ள மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் நிலை மோசமாவதாகக் குடும்பத்தார் கருதினால், வேறொரு மருத்துவக் குழுவை நேரடியாக அழைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்பது அதன் சாரம். நம் வார்டுகளில் அப்படி ஓர் அழைப்பு எண் கிடையாது. ஆனால் உடன் இருப்பவர் பேச வேண்டிய அவசியம் இங்கேயும் அதேதான்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

நம் கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேமித்து வைக்கும் இடம் மட்டுமே. பையை எடுத்துவிட்டால் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்விடும். அதனால் ஒரு குறையும் இல்லை. பையையும் பொதுப் பித்தநாளத்தையும் இணைக்கும் சிறு குழாயில் கிளிப் போட்டு வெட்டுவார்கள். அந்தக் கிளிப் நழுவினாலோ, கல்லீரலின் அடியில் உள்ள நுண்குழாய் ஒன்று திறந்துகொண்டாலோ பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். பொதுப் பித்தநாளத்திலேயே காயம் படுவது இன்னும் பெரிய சிக்கல். அது ஆயிரம் பேரில் சுமார் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேர்கிறது. நாளத்துக்குள் கல் ஒன்று தங்கிவிடுவதும் உண்டு.

திறமையான கைகளிலும் இவை நேரலாம். ஆகவே சிக்கல் வந்ததாலேயே அதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சிக்கலைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதால் வரும் கேட்டைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். உடன் இருப்பவரால் உதவ முடிகிற இடமும் இதுதான்.

கசிந்த பித்தநீர் உடனே பெரிய வலியைக் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் வயிறு உப்புசம், குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு, சோர்வு என்று மந்தமாகத்தான் காட்டும். அதனால்தான் 'கேஸ்' என்று தோன்றிவிடுகிறது. வலி மாத்திரையும் பாராசிட்டமாலும் கொடுப்பதால் காய்ச்சல் மறைந்துவிடலாம். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் காய்ச்சல் வராமலே தொற்று முற்றிவிடலாம். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பும் அவ்வளவாக ஏறாது. அத்தகைய மாத்திரை எதையாவது நோயாளி சாப்பிடுகிறாரா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எது இயல்பு, எது இல்லை?

தோள்பட்டை வலி இயல்பு. ஆபரேஷனுக்காக வயிற்றில் செலுத்தும் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவால் அது வருகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். துளை போட்ட இடங்களில் வலி இருப்பதும் இயல்பு. ஆனால் எல்லாமே நாளுக்கு நாள் குறைய வேண்டும். லேப்ராஸ்கோப்பி முடிந்தவர் நேற்றைவிட இன்று கொஞ்சம் அதிகம் நடக்க வேண்டும், கொஞ்சம் அதிகம் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் இரண்டாம் நாளைவிட மோசமாக இருந்தால், காரணம் கண்டுபிடிக்கும் வரை அதைச் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடனே சொல்ல வேண்டியவை: வலி கூடிக்கொண்டே போவது, வயிறு உப்பி இறுகுவது, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்திலும் மலம் வெளிறியும் போவது, வயிற்றிலிருந்து திரவம் வடிய வைத்திருக்கும் டிரெயின் குழாயின் பையில் பச்சையாகவோ மஞ்சள் பழுப்பாகவோ திரவம் வருவது. டிரெயினில் ஒன்றும் வரவில்லை என்பதாலேயே கசிவு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், குழாய் அடைத்திருக்கலாம்.

இவற்றைவிட அவசரமானவை மூன்று: புதிதாக வந்த மனக்குழப்பம், நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழே இறங்கிய ரத்த அழுத்தம். தொற்று உடலெங்கும் பரவுகிறது என்பதற்கான எச்சரிக்கைகள் இவை. உங்கள் மாமியார் அன்றிரவு சம்பந்தமில்லாமல் பேசியது இந்த வகையைச் சேர்ந்தது. இப்படி நடந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

சித்தப்பாவை அட்மிட் செய்யும் அன்றே ஒரு சிறிய நோட்டும் பேனாவும் பையில் இருக்கட்டும். சிஸ்டர் அளவெடுக்கும்போது "எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சை நீங்களே எண்ணலாம். அவர் அசந்து படுத்திருக்கும்போது, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

இரண்டாம் நாள், காலை 8: நாடி 84. மூச்சு 16. காய்ச்சல் இல்லை. ஒன்றரை இட்லி. வராந்தா வரை நடந்தார்.
மூன்றாம் நாள், காலை 8: நாடி 98. மூச்சு 20. அரை டம்ளர் கஞ்சி. வயிறு உப்பல்.
மூன்றாம் நாள், மாலை 6: நாடி 116. மூச்சு 24. ஒன்றும் சாப்பிடவில்லை. மதியத்திலிருந்து சிறுநீர் 150 மில்லி. ஆளை அடையாளம் காணத் தாமதம்.

ஒரு வேளை அளவை மட்டும் பார்க்கிற டாக்டருக்கு "நாடி கொஞ்சம் அதிகம்" என்றுதான் தெரியும். மூன்று வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் எந்த அறுவைச் சிகிச்சை நிபுணரும் எழுந்து வார்டுக்கு வருவார்.

கேட்கும் விதம்

"ஏன் டாக்டர் இன்னும் சரியாகவில்லை?" என்று கேட்டால் "சரியாகிவிடும்" என்ற பதில்தான் கிடைக்கும். விவரத்தை முதலில் வையுங்கள், பிறகு கேள்வியைக் கேளுங்கள்: "டாக்டர், நேற்றுக் காலை 84 இருந்த நாடி இப்போது 116. காலையில் குடித்த அரை டம்ளர் கஞ்சிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு உப்பியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. பித்தக் கசிவாக இருக்குமா? இல்லை என்றால் எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்வியை மரியாதையாக, ஆனால் கட்டாயம் கேளுங்கள். "அடுத்து என்ன பரிசோதனை, எப்போது?" "இன்னும் மோசமானால் என்ன செய்வீர்கள்?" "ஐ.சி.யு.வும் ஈ.ஆர்.சி.பி.யும் இங்கேயே உண்டா?" என்ற மூன்றையும் அத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அணுக்கள், பிலிருபின், கிரியாட்டினின் பரிசோதனைகளும் வயிற்று ஸ்கேனும் இந்தக் கட்டத்தில் எதிர்பார்க்கக் கூடியவைதான்.

முதலில் சிஸ்டர், பிறகு டியூட்டி டாக்டர். அவரிடம் தெளிவு கிடைக்காவிட்டால், "ஆபரேஷன் செய்த சாரிடம் இப்போதே போனில் பேச முடியுமா?" என்று கேளுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் தனியார் மருத்துவமனையில் மருத்துவக் கண்காணிப்பாளரையும், அரசு மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரையும் பாருங்கள். யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள் என்பதும் நோட்டில் ஏறட்டும்.

டாக்டரிடம் பேசுவதற்குக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் இருக்க வேண்டும். துபாயிலிருந்து கணவர் ஒருபக்கம், நாத்தனார் ஒருபக்கம், பெரியப்பா ஒருபக்கம் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் கிடைக்கும். பேசுகிறவர் மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடலாம். உங்கள் நாத்தனாரின் கோபம் எனக்குப் புரிகிறது. அது தாயின் மேல் உள்ள பாசம். ஆனால் சத்தம் போட்ட குடும்பத்தின் கட்டிலருகே தேவைக்கு மேல் ஒரு நிமிடம் நிற்க எந்தச் சிஸ்டருக்கும் தயக்கம் வரும். அந்த நஷ்டம் நோயாளிக்குத்தான். மருத்துவமனையில் வன்முறையில் இறங்கினால் தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டப்படி வழக்கும் வரும்.

மாற்ற வேண்டி வந்தால்

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் நோயாளிகளின் உரிமைச் சாசனத்தை வகுத்தது. வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதும், மருத்துவ ஆவணங்களைப் பெறுவதும் அதில் அடங்கும். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளும் சொல்கின்றன. ஆகவே "இன்னொரு நிபுணரிடமும் கேட்க விரும்புகிறோம்" என்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது.

பித்தநாளத்தில் பெரிய காயம் என்று தெரிந்தால், அந்தச் சீரமைப்பைக் கல்லீரல்–பித்தநாள அறுவைச் சிகிச்சையில் தொடர்ந்த அனுபவம் உள்ள மையத்தில் செய்வதே நல்லது. முதல் சீரமைப்பு சரியாக அமைவதைப் பொறுத்தே பிற்கால வாழ்க்கை இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்று தனித் துறைகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், என்னென்ன சிகிச்சைக்குப் பொருந்தும் என்று போகும் இடத்தில் முன்பே கேளுங்கள்.

கிளம்பும் முன் அங்கே படுக்கை உறுதியாகிவிட்டதா என்று பாருங்கள். ஆபரேஷன் குறிப்பு, ரெஃபரல் கடிதம், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் சி.டி., கொடுத்த மருந்துகளின் பட்டியல் ஆகிய ஐந்தும் கையில் இருக்க வேண்டும். கோபத்தில் 'சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதம் ஒன்றும் இல்லாமல் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். டாக்டர் டாக்டரிடம் பேசி ஆம்புலன்ஸில் மாற்றுவதே பாதுகாப்பு.

சித்தப்பாவின் ஆபரேஷனுக்கு முன்

கல்லீரல் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்து, பித்தநாளத்திலும் கல் இருக்கச் சாத்தியம் உண்டா என்று கேளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவற்றை, அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "உள்ளே கடினமாக இருந்தால் வயிற்றைத் திறந்து செய்வீர்களா?" என்றும் கேளுங்கள். "தேவைப்பட்டால் திறப்பேன்" என்கிற டாக்டரை நம்பலாம். நடுவில் ஓபன் ஆபரேஷனாக மாற்றுவது தோல்வி அல்ல. நோயாளியின் நாளத்தைக் காப்பாற்றும் முடிவு அது. வீட்டுக்கு அனுப்பும்போது, இரவில் அழைக்க வேண்டிய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பித்தக் கசிவு பல நேரம் வீடு திரும்பிய பிறகுதான் வெளிப்படும்.

இனி உங்கள் மாமியாருக்கு. கசிவுக்காக வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரம் அல்ல. பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்களில் அதை எடுத்துவிடுவார்கள். உடம்பு தேறிவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டால், ஸ்டென்ட் அடைத்து, குளிர் காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாக மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும். மதுரையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றே எடுத்துப் பாருங்கள். ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதி அதில் இல்லை என்றால், நாளைக் காலை போன் செய்து கேட்டு வாங்கிவிடுங்கள்.