டிஜிட்டல் கடிகாரம்: நாமே செய்வோம், நாமே அளப்போம்



டிப்ளமோ முடிப்பதற்குள் எல்லோரும் ஒரு ப்ராஜெக்ட் வைத்தாக வேண்டும். சிலர் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி வைத்துவிடுகிறார்கள். வைவாவில் "இந்த கிரிஸ்டல் எதற்கப்பா?" என்று கேட்டால் முழி பிதுங்கிவிடுகிறது. இதற்கு ஒரே மருந்து, அதற்கு முன்பே ஒரு சின்ன கிட்டை நம் கையாலேயே செய்து பார்ப்பதுதான். அதற்கு டிஜிட்டல் கடிகார கிட்டைப் போல வேறொன்று இல்லை. மற்ற சர்க்யூட்டுகளில் 'ஓடுது', 'ஓடலை' என்ற இரண்டு பதில்தான். கடிகாரமோ எவ்வளவு சரியாக ஓடுகிறது என்பதையும் தினம் தினம் சொல்லும்.

கண்டமங்கலத்தில் இருந்துகொண்டு கிட்டுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். விழுப்புரத்தில் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெரு. இப்போது தபாலிலும் வருகிறது.

1. நொடி எங்கிருந்து பிறக்கிறது?

பழைய மேஜைக் கடிகாரங்களில் எல்எம்8560 போன்ற ஐசிக்கள் கரண்டின் 50 ஹெர்ட்ஸையே எண்ணி நேரம் காட்டின. 50 சுற்று எண்ணினால் ஒரு நொடி. நமது பகுதியில் இதில்தான் சிக்கல். 2003 ஜனவரியில் தென் மண்டலத்தில் புதிய மின்கட்டண முறை வருவதற்கு முன், ஃப்ரீக்வென்சி 50-க்குக் கீழே நன்றாக இறங்குவது சகஜம். 49.5 ஹெர்ட்ஸ் நாள் முழுக்க நின்றால் 86,400 நொடியில் 1 சதவீதம், அதாவது 864 நொடி, கடிகாரம் பின்தங்கும். ஒரே நாளில் 14 நிமிடத்துக்கு மேல்! 2013 டிசம்பர் 31-ல் தென் மண்டல கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. இப்போது ஃப்ரீக்வென்சி பெரும்பாலும் 50-ஐ ஒட்டியே நிற்கிறது. ஆனாலும் கரண்ட் போனால் அந்தக் கடிகாரத்துக்கு எண்ணுவதற்கு எதுவுமில்லை.

எனவேதான் கிரிஸ்டல். கைக்கடிகார கிரிஸ்டல் 32,768 ஹெர்ட்ஸ். இந்த எண் ஏன் என்றால், இதை 15 முறை இரண்டால் வகுத்தால் சரியாக 1 வரும். 4060 ஐசி 14 முறை வகுத்து 2 ஹெர்ட்ஸ் கொடுக்கும். பின்னால் ஒரு ஃபிளிப் ஃப்ளாப் போட்டால் ஒரு ஹெர்ட்ஸ் தயார்.

இன்றைய நான்கு இலக்க கிட்டுகள் பலவற்றில் ஏடி89சி2051 மைக்ரோகண்ட்ரோலரும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் இருக்கும். 12 துடிப்புக்கு ஒரு மெஷின் சைக்கிள், அதாவது ஒரு மைக்ரோ செகண்ட். அதை எண்ணித்தான் புரோகிராம் நொடியை உண்டாக்குகிறது. நான்கு இலக்கமும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக எரிந்து நம் கண்ணை ஏமாற்றுகின்றன. 15 போர்ட் கால்களை வைத்துக்கொண்டு இத்தனை எல்இடியை ஓட்டுவதற்கு இதுதான் வழி.

2. ஈயம் வைக்கும் முறை

25 வாட் அயர்ன் போதும். 60/40 ஈயக் கம்பி, உள்ளே ரோசின் உள்ளதாக வாங்குங்கள். முனையை ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, லேசாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள்.

அயர்ன் முனை பிசிபி பேடையும் கம்பிக் காலையும் சேர்த்துத் தொட வேண்டும். இரண்டு நொடி சூடேறிய பின், ஈயத்தை அயர்னில் வைக்காமல் ஜாயிண்ட்டில் வையுங்கள். அது தானாக உருகி ஓடும். முதலில் ஈயத்தை எடுத்துவிட்டு, பிறகு அயர்னை எடுக்க வேண்டும். ஆறும்வரை கால் ஆடக்கூடாது. பளபளவென்று குழிவாக, மலையடிவாரம் போலப் படிந்திருந்தால் நல்ல ஜாயிண்ட். மங்கலாக உருண்டை பிடித்திருந்தால் டிரை சால்டர். இன்று ஓடும், நாளை நின்றுவிடும்.

உயரம் குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள்: ரெசிஸ்டர், ஐசி பேஸ், டிஸ்க் கெப்பாசிட்டர், கிரிஸ்டல், டிரான்சிஸ்டர், எலக்ட்ரோலிட்டிக், பட்டன், கடைசியில் டிஸ்ப்ளே. டிஸ்ப்ளேயின் புள்ளிகள் கீழ்ப்பக்கம் வர வேண்டும். ரெசிஸ்டர் நெட்வொர்க்கில் புள்ளி போட்ட கால்தான் பொது முனை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் விஷம்.

3. பவர் கொடுக்கும் முன்

ஐசியை இன்னும் பேஸில் செருக வேண்டாம். மல்டிமீட்டரை கண்டினியூட்டியில் வைத்து, பிளஸ் மைனஸ் இடையே ஷார்ட் இருக்கிறதா பாருங்கள். பிறகு 5 வோல்ட் கொடுத்து பேஸின் 20-ம் காலுக்கும் 10-ம் காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 5 வோல்ட் சரியாக இருந்தால் பவரை நிறுத்தி, வெட்டுக்குறி பார்த்து ஐசியைச் செருகுங்கள்.

டிஸ்ப்ளே எரியவேயில்லை என்றால் 1-ம் கால் ரீசெட், 4, 5-ம் கால் கிரிஸ்டல் ஜாயிண்ட்டுகளைப் பாருங்கள். ஓர் இலக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அதன் டிரான்சிஸ்டர் அல்லது பொது முனை. எல்லா இலக்கத்திலும் ஒரே கோடு விட்டுப்போனால் அந்த செக்மென்ட் லைன். பி1.0, பி1.1 இரண்டுக்கும் ஐசிக்குள் புல்-அப் கிடையாது. வெளி ரெசிஸ்டர் சரியாக உள்ளதா என்று அங்கே பாருங்கள். இப்படி யோசித்துத் தேடுவதுதான் படிப்பு.

4. அளந்து பாருங்கள்

கடிகாரம் ஓடியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஞாயிறு மாலை செல்போன் நேரத்தில் நிமிடம் மாறும் கணத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி பாருங்கள். 7 நாளில் 21 நொடி வித்தியாசம் என்றால் நாளுக்கு 3 நொடி, அதாவது பத்து லட்சத்தில் சுமார் 35 பங்கு. இது சாதாரண கிரிஸ்டலின் அளவுதான்.

நாளுக்கு 17 நொடி பின்தங்கினால் கிரிஸ்டலை மட்டும் குறை சொல்லாதீர்கள். 50 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வரும் இன்டரப்ட்டில் டைமரை மறுபடி நிரப்ப 10 மைக்ரோ செகண்ட் வீணானாலே அவ்வளவு வந்துவிடும். அது புரோகிராமின் குறை.

வெயிலும் விடாது. 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் சரியாக இருக்கும். நம்ம ஊர் கத்திரியில் 40 டிகிரி போனால் நாளுக்கு சுமார் 0.7 நொடி பின்தங்கும். வெப்பத்தைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் டிஎஸ்3231 ஐசி போட்டால் வருடத்துக்கே ஒரு நிமிடம்தான். பட்டன் செல் இருந்தால் கரண்ட் போனாலும் நேரம் போகாது.

நண்பர்களே, இந்த ஒரு வாரக் கணக்கை ரெக்கார்டு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை இன்டர்வியூவில் உட்காரும்போது 'கிட் அசெம்பிள் செய்தேன்' என்று எல்லோரும் சொல்வார்கள். 'நாளுக்கு 3 நொடி வித்தியாசம் வந்தது, காரணம் இது' என்று சொல்பவரைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த ஒருவர் நம் மாணவராக இருக்கட்டும்!