தண்ணீரைத் தொடர்ந்து இஸ்தான்புல்

டில்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: ஊருக்குப் போவதா, வேறெங்காவது போவதா? சென்ற விடுமுறையில் நானும் என் கணவரும், இரண்டு பெண்களும், மாமியாரும் ஒன்பது நாட்கள் இஸ்தான்புல் நகரில் தங்கியிருந்தோம். அங்கே சாப்பிட்டதையும் வாங்கியதையும் அடுக்குவது என் நோக்கமல்ல. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். பழைய நகரம் ஒன்றுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அந்நகரத்தை எப்படிப் படிக்கலாம் என்பதற்கு ஒரு பாடமாக இதை எழுதுகிறேன்.

முறை எளிது. புறப்படும் முன்பே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, பார்ப்பதையெல்லாம் அதோடு சேர்த்துப் பார்ப்பது. இல்லாவிட்டால் மூன்றாம் நாளே மசூதியும் மாளிகையும் குழந்தைகளின் மனதில் ஒன்றோடொன்று குழம்பிப் போகும். எங்களுக்குக் கேள்வியைத் தந்தவள் இளையவள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மூணு பக்கமும் கடல்தான் இருக்கு. ஆறு எங்கேம்மா?" என்றாள்.

நல்ல கேள்வி. பழைய நகரம் ஒரு தீபகற்பம். தெற்கே மர்மரா கடல், கிழக்கே பாஸ்பரஸ் நீரிணை, வடக்கே பொற்கொம்பு என்னும் கழி. உள்ளே ஒரு சிற்றோடை உண்டு, சொல்லும்படியான ஆறு கிடையாது. கி.பி. 330-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் இதைத் தலைநகராக்கினார். 1453-ல் துருக்கியர் வென்றனர். 1923-ல் தலைநகரம் அங்காராவுக்குப் போனது. ஆக, 1,600 ஆண்டுகள் பேரரசுகளின் தலைநகரமாக இருந்த ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நம்மில் பலர் டில்லியில் வாளியோடு டாங்கர் லாரிக்குக் காத்திருந்தவர்கள். இந்தக் கேள்வியின் கனத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது 'யெரெபாத்தான்' நிலவறை நீர்த்தேக்கம். ஹாகியா சோபியாவுக்கு எதிரே, தெருவைக் கடந்தால் வந்துவிடும். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டியது. படி இறங்கினால் மங்கிய வெளிச்சத்தில் வரிசைக்கு 28 வீதம் 12 வரிசைகள், மொத்தம் 336 தூண்கள். ஒவ்வொன்றும் 9 மீட்டர் உயரம். என் மாமியார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு, "மதுரையிலே ஆயிரங்கால் மண்டபம் மேலே இருக்கு, இங்கே பூமிக்குள்ளே கட்டியிருக்கான்" என்றார். இது வெறும் அழகுக்குச் சொன்ன ஒப்புமை என்று நினைத்தேன். ஆனால் அருகிலேயே இன்னொரு நீர்த்தேக்கத்துக்கு 'பின்பிர்திரெக்' என்று பெயர். ஆயிரத்தொரு தூண் என்று பொருள். எண்ணினால் 224 தூண்கள்தாம். மதுரை மண்டபத்தில் 985 என்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரத்தை நெருங்குவதில் நம்மவர் பரவாயில்லை!

இங்கே குழந்தைகளுக்கு ஒரு கணக்குப் போட்டோம். நீளம் சுமார் 140 மீட்டர், அகலம் 70 மீட்டர். எட்டு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 78,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். அப்படியானால் ஏழு கோடியே எண்பது லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டாங்கர் லாரி என்றால் 7,800 லாரித் தண்ணீர். பெரியவள் கைப்பேசியில் சரிபார்த்துவிட்டு, "நம்ம காலனிக்கு எத்தனை வருஷம் வரும்?" என்றாள். அந்தக் கணக்கை விமானத்தில் முடித்தாள்.

இவ்வளவு தண்ணீர் கசியாமல் எப்படி நின்றது? சுவர் நான்கு மீட்டர் கனம். செங்கல்லின் மேல் சுண்ணாம்போடு இடித்த செங்கற்பொடி கலந்த சாந்து பூசியிருக்கிறார்கள். நம் நாட்டில் கொத்தனார்கள் 'சுர்க்கி' என்பது இதுவேதான். டில்லியின் பழைய கோட்டைச் சுவர்களிலும் அதைப் பார்க்கலாம். தூண்கள் பலவும் வேறு பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. அதனால்தான் தலைப்பு வேலைப்பாடு இடத்துக்கு இடம் மாறுகிறது. கடைக்கோடியில் மெடூசா என்னும் கிரேக்க அரக்கியின் தலைகள் இரண்டு, தூணுக்கு அடிக்கல்லாக இருக்கின்றன. ஒன்று தலைகீழ், ஒன்று பக்கவாட்டில். இதற்கு வழிகாட்டிகள் நிறையக் கதை சொல்வார்கள். உயரத்துக்குப் பொருந்திய கல்லைக் கொத்தன் எடுத்து வைத்தான் என்ற விளக்கமே எனக்கு நம்பும்படி இருக்கிறது.

காலப்போக்கில் இப்படி ஒன்று இருப்பதையே வெளியுலகம் மறந்துவிட்டது. 1540-களில் பியர் ஜில் என்ற பிரெஞ்சு அறிஞர் வந்தபோது, வீட்டுக்கு அடியில் உள்ள துளை வழியே மக்கள் வாளி இறக்கித் தண்ணீர் சேந்துவதையும் மீன் பிடிப்பதையும் கேள்விப்பட்டு, தீப்பந்தத்தோடு படகில் உள்ளே போய்ப் பார்த்து எழுதினார். 1987-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பழுது பார்த்தபின் 2022-ல் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். இப்போது தரையில் கொஞ்சம் தண்ணீர் மட்டுமே நிற்கிறது.

தொட்டி சரி, அதற்குத் தண்ணீர்? மறுநாள் அதைத் தேடிப் போனோம். நகரின் நடுவே இரண்டு குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை ஒரு கல்பாலம் கடக்கிறது. வாலன்ஸ் பேரரசர் காலத்தில், 368-ல் முடிந்தது. இரண்டடுக்கு வளைவுகள், இன்றும் 900 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அதன் கீழே அதாதுர்க் சாலையில் பஸ்ஸும் காரும் ஓடுகின்றன. பாலத்தின் மேல் ஓடியது தண்ணீர். மேற்கே திரேஸ் மலைகளிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய் வழியாக, பம்ப் எதுவும் இன்றி, மெல்லிய சரிவை மட்டுமே நம்பி வந்தது.

எனக்கு மிகவும் உறைத்தது இனி வருவதுதான். 626-ல் அவார்கள் நகரை முற்றுகையிட்டபோது இந்தக் கால்வாயை உடைத்தார்கள். நகரம் விழவில்லை. ஆனால் தியோஃபனிஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் எழுதியபடி, 766-ல் கடும் வறட்சி வந்தபின்தான் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பல மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கான வேலையாட்களை வரவழைத்து அதைச் சரிசெய்தார். இடையில் 140 ஆண்டுகள்! ஐந்தாறு தலைமுறை. மக்கள்தொகை மிகவும் குறைந்துபோன காலம் அது. இருந்தவர்களுக்கு மழைநீரும் கிணறும் தேக்கங்களும் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். உடைந்த ஒரு குழாய்க்குப் பழகிப்போய்விடுவது எவ்வளவு எளிது என்று என் கணவர் சொன்னார். எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறவர் அவர்.

பாலத்துக்கு அருகில் வெஃபா என்ற பகுதி. அங்கே 1876 முதல் நடக்கும் கடையில் 'போசா' கிடைக்கும். தானியத்தைப் புளிக்க வைத்துச் செய்யும் கெட்டியான குளிர்காலப் பானம். மேலே பட்டைத்தூள், கூடவே வறுத்த கடலை. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கம்பங்கூழ் என்றார். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அங்கிருந்து கராகும்ருக் பகுதிக்குப் போனால் 421-ல் வெட்டிய ஏத்தியஸ் நீர்த்தேக்கம் இருக்கிறது. இது கூரையில்லாத திறந்த குளம். இப்போது அதற்குள் கால்பந்து மைதானம்.

துருக்கியர் காலத்துக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. சுலைமான் சுல்தானுக்காகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் சினான் புதிய கால்வாய்களும் பாலங்களும் கட்டினார். 1563 வெள்ளம் அவற்றைச் சேதப்படுத்த, மீண்டும் கட்டினார். தெருவுக்குத் தெரு 'செபில்' என்று அழகான சிறு மண்டபங்களைப் பார்ப்பீர்கள். வழிப்போக்கருக்கு இலவசமாகத் தண்ணீர் கொடுக்கச் செல்வந்தர்கள் கட்டிவைத்தவை. நம் தண்ணீர்ப்பந்தல்தான், பளிங்கில். இன்று எல்லோரும் அறிந்த தக்சிம் சதுக்கத்தின் பெயருக்கே 'பங்கிடுதல்' என்று பொருள். முதலாம் மஹ்மூத் காலத்தில், 1732-ல், காட்டிலிருந்து வந்த தண்ணீரைப் பல பகுதிகளுக்குப் பிரித்துவிட்ட கல் கட்டடம் சதுக்கத்தின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அதைத் திரும்பிப் பாராமல் கடைத்தெருவுக்குள் நுழைகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் கடைசியில் அங்கே பொழுது விடிய காலை எட்டரை ஆகிவிடும், மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். டில்லிக் குளிருக்குப் பழகியவர்கள் என்று அலட்சியம் வேண்டாம். அங்கே மழையும் கடற்காற்றும் சேர்ந்து வரும். நனையாத காலணி அவசியம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்பு சூப்பும் எள் ஒட்டிய 'சிமித்' ரொட்டியும் எங்கும் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதியவர்களோடு போனால் மேடு பள்ளத்துக்கும் வழுக்கும் கல்பாதைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

இந்த விடுமுறையில் டில்லியை விட்டுப் போகாத குழந்தைகளுக்கும் வேலை இருக்கிறது. ஹௌஸ் காஸ் குளத்தை வெட்டியவர் அலாவுதீன் கில்ஜி. தூர்ந்துபோனதை வாரிச் சரிசெய்தவர் பிரோஸ் ஷா துக்ளக். குளத்துக்குத் தண்ணீர் அன்று எந்த வழியாக வந்தது, இன்று எங்கிருந்து வருகிறது? நேரில் போய்ப் பார்த்து ஒரு படம் வரைந்து, பொங்கல் விழாவுக்கு எடுத்து வாருங்கள்.