அண்டக்கதிருக்கு எந்த முழம்?

ஐயம்பேட்டைத் தறியில் நெய்த சேலை ஒன்றை இருவர் முழம் போட்டால் கணக்கு வேறுபடலாம். சேலை மாறவில்லை, கைகளின் நீளம் வேறு. அண்டக்கதிர் ஆய்விலும் இச்சிக்கல் உண்டு.

அண்டக்கதிர் காற்றில் மோதினால் துகள்கள் மழையாகப் பொழிகின்றன. அம்மழையை அளந்தே கதிரின் ஆற்றலைக் கணிக்கிறோம். உதகையிலுள்ள கிரேப்ஸ்-3 நிலையம் செய்வதும் இதுவே. ஆனால் 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிர், ஒரு சதுர கிலோமீட்டரில் நூற்றாண்டுக்கு ஒன்று விழுவதே அரிது. எனவே அர்ஜென்டினாவின் பியர் ஓஷே நிலையம் 3,000 சதுர கிலோமீட்டரில் நீர்த்தொட்டிகளையும், அமெரிக்காவில் யூட்டாவிலுள்ள டெலஸ்கோப் அர்ரே 700 சதுர கிலோமீட்டரில் ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளையும் பரப்பியுள்ளன.

இவ்விரண்டின் ஆற்றல் அளவுகோல்கள் சுமார் 9 சதவீதம் வேறுபடுகின்றன. இது சிறு வேறுபாடன்று. குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேற்பட்ட கதிர்களின் எண்ணிக்கை, ஏறத்தாழ ஆற்றலின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் உள்ளது எனக் கொள்வோம். 1.09-இன் வர்க்கம் 1.19. ஆக, எண்ணிக்கையில் 19 சதவீத வேறுபாடு!

அளவுகோலைத் திருத்தினால், சுமார் 3 × 10¹⁹ எலக்ட்ரான் வோல்ட் வரை இரு முடிவுகளும் ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் யூட்டாவில் கதிர்கள் அதிகம். காரணம் கருவியா, வானமா? யூட்டா பெரும்பாலும் வடவானையும், அர்ஜென்டினா தென்வானையும் நோக்குகின்றன. ஆகவே இரண்டுக்கும் பொதுவான வானப்பகுதியை மட்டும் எடுத்து ஒப்பிடுகின்றனர். இது ஒரே சேலையை இருவரும் அளப்பது போன்றது. அங்கும் வேறுபாடு நீடித்தால் அளவீட்டை ஐயுற வேண்டும். மறைந்தால், வடவானில் தேடத்தக்கது ஏதோ உள்ளது எனலாம்.