கிழித்தால் கிழிக்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. கதைப் புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கம்கூடக் கேட்பதில்லை; புரட்டுகிறான், கிழிக்கிறான். இல்லையென்றால் அதே யானைக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். பேசாமல் அ, ஆ சொல்லித் தரலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அ, ஆ எங்கும் ஓடிப்போகாது. இந்த வயதில் சேர வேண்டியது சொற்கள்தான். வரிக்கு வரி வாசிக்காதீர்கள். படத்தைக் காட்டி, "யானை என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டுச் சற்றுச் சும்மா இருங்கள் (பெரியவர்களுக்கு அதுதான் கஷ்டம்). "தண்ணி" என்பான். "ஆமா, தும்பிக்கையால தண்ணி குடிக்குது" என்று நீட்டிச் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பேசிப் பேசி வாசித்த பெற்றோரின் பிள்ளைகள், வழக்கம்போல வாசித்தவர்களின் பிள்ளைகளைவிடப் பேச்சில் முந்தினார்கள்.

புத்தகத்தில் "குடிக்கிறது" என்றிருக்கும். வீட்டுப் பேச்சில் சொன்ன பிறகு, அச்சிலுள்ளபடியும் ஒருமுறை வாசியுங்கள். பள்ளியில் வரப்போகும் தமிழ் இப்போதே காதில் விழட்டும்.

அதே கதை என்றால் அலுப்பு உங்களுக்குத்தான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். வரியின் கடைசிச் சொல்லை அவனிடமே விட்டுவிடுங்கள்.

கிழிக்கிற கைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்குங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். செல்போனில் காட்டாமல் அச்செடுத்து, ஊசி நூலால் தைத்துக் கொடுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், வாய்க்குள் போய்விடும்.